விடுவிப்புச் சீட்டு

ஈனோஸ் டக்கெட் எனக்கு முதலில் அகப்பட்டது
ஒரு கடனாக.
என் முன்னோர் மஸ்கிங்கம் ஆற்றங்கரையில் நடத்திய
மாவு ஆலையின் பேரேடு, எலி கடித்த பக்கம்:
"டக்கெட்டுக்குத் தரவேண்டியது,
ஒரு கரடித்தோலுக்கு, இரண்டு ஷில்லிங்."
மற்ற வரிகளெல்லாம் அடிக்கப்பட்டிருந்தன.
இது மட்டும் அப்படியே.

கடன்பட்டவள் தேடத்தானே வேண்டும்.

படைப்பட்டியலில் அவன் டக்கெட்.
வரிப்பட்டியலில் டாக்கிட்.
சம்பளச் சிட்டையில், சிரிக்காதீர்கள், டிக்கெட்.
பென்சில்வேனியாவின் மேற்குக் கோடியில்
குடிப்படைக்குப் போனபோது வயது இருபது.
தன் முறைக்குக்கூடப் போகவில்லை:
அயல் பண்ணைக்காரன் பெயர் சீட்டில் விழ,
பதிலாளாய்ப் போனான், ஒரு கறவை மாட்டுக்கு.
திரும்பியபோது மாடு செத்திருந்தது.
கன்று யாருக்கு என்று இரண்டு வருஷம் வழக்கு.
அதுவும் இருக்கிறது, பதினோரு பக்கம்.

போரைப் பற்றி ஒன்றரைப் பக்கம்தான்.
எழுபத்துமூன்றாம் வயதில், ஓஹாயோவில்,
ஓய்வூதியம் கேட்டு நீதிபதி முன் சொன்னது.
எல்லாக் கிழவருக்கும் அதே ஏழு கேள்வி.

எங்கே பிறந்தாய்?
— கேட்டுச் சொல்ல இப்போது ஆளில்லை.
யாருடைய அணி?
— கேப்டன் பிர்ட்ஸல். ஒரு காது கிடையாது.
என்ன செய்தீர்கள்?
— செங்கோட்டுக்காரன் ஒருவனையும் நான் கண்டதில்லை.
ஆற்றோடு மேலே நடந்தோம். ஊர்கள் காலி.
அடுப்புச் சாம்பலில் சூடு இருந்தது.
மூன்று நாள் சோளம் வெட்டினோம்.
குதிரைமேல் இருப்பவன் தொப்பிக்கும் மேலே நின்ற சோளம்,
நீல மணி, அதுவரை நான் பாராதது,
சட்டைப்பையில்

இங்கே எழுத்தர் கோடு இழுத்திருக்கிறார்.
ஓரத்தில்: "கேள்விக்குத் தொடர்பற்றது."
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
கோட்டின் கீழ் ஒரு சொல் "கைப்பிடி".
இன்னொன்று "விதை"யாக இருக்கலாம்,
"வியர்வை"யாகவும்.

நிலப் பத்திரம் எல்லை சொல்கிறது:
இடி விழுந்த வெள்ளை ஓக்கிலிருந்து தெற்கே
இந்தியரின் பழைய வயல் வரை.
தம்பிக்கு எழுதுவித்த கடிதத்தில் மகிழ்ச்சி தெறிக்கிறது:
"இங்கே கல் பொறுக்கும் வேலையே இல்லை.
யாரோ பொறுக்கி ஓரமாய் அடுக்கிவிட்டிருக்கிறார்கள்."
யாரோ.

ஆறாவது கேள்வி: விடுவிப்புச் சீட்டு எங்கே?
— இருந்தது.
குடிலுக்கு ஜன்னல் அறுத்தேன், கண்ணாடிக்கு எங்கே போக?
கெசியா அதைக் கரடி நெய்யில் தோய்த்து ஒட்டினாள்.
நாலு குளிர்காலம் வெளிச்சம் கொடுத்தது.
சாயங்காலம் கேப்டனின் கையெழுத்து
அவள் பிசைகிற மாவின்மேல்
இடம்வலம் மாறி விழும்.
ஐந்தாம் வருஷம் ஆலங்கட்டி.

(அந்தக் கரடியாகவே இருக்கலாம்.
சத்தியம் செய்ய மாட்டேன்.)

நீதிபதி சிரித்தாரா, குறிப்பில்லை.
பதினான்கு மாதம் கழித்து வாஷிங்டனிலிருந்து வந்தது:
சான்று போதாது.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது.
டக்கெட்டுக்கு மிஞ்சியதை
இறந்த எட்டாம் நாள் இரண்டு பேர் வந்து எண்ணினார்கள்:
குதிரை ஒன்று, ஒரு கண் பழுது.
கலப்பை, கொழு தேய்ந்தது.
கெசியாவின் பிசையும் தொட்டி.
ஜன்னல் கண்ணாடி ஆறு, பெட்டி பிரிக்காதது.
நீலச் சோளம், நான்கு புஷல்.

கடைசி வரியை நான்
பென்சிலால் படியெடுத்தேன், பேனா அங்கே அனுமதியில்லை.
அழுத்தியதில் முனை ஒடிந்தது.

இரண்டு ஷில்லிங்கை
இன்றைய டாலராக்கி உறையில் போட்டு
மூன்று வாரமாகிறது.
டக்கெட் என்று எழுத ஆரம்பித்து
ட் வரை வந்து நிற்கிறேன்.
அந்த ஊர்களுக்குப் பெயர் இருந்திருக்குமே,
ஒன்றரைப் பக்கத்தில் எங்கும் இல்லை.