எழுபத்து நான்கு

சனிக்கிழமை ஆட்டம் முடிந்து
அறுபத்து மூன்று சட்டைகள் வந்தன சலவைக்கு.
புல்கறை, ரத்தம், கான்சஸ் மண்.
ஹெல்மெட்டுகளைத் துடைத்து அடுக்கினேன்.
எழுபத்து நான்கு மட்டும் கொக்கியிலேயே,
மடிப்புக் கலையாமல்.

டெரியஸ் பூன் செய்த குற்றம்: ஒரு மெத்தை.
விடுதிக் கட்டிலுக்கு வெளியே
கணுக்கால் தாண்டித் தொங்கும் அவன் உயரத்தைக்
கேள்விப்பட்ட கடைக்காரர்
வேனில் ஏற்றி அனுப்பியது.
அவர் அணிக்கு நன்கொடை தருபவராம்.
நான்கு ஆட்டங்களுக்குத் தடை.

மேல்முறையீடு செவ்வாய் காலை, கணினித் திரையில்.
ஐந்து முகங்கள். ஒருவர் கேமராவை அணைத்திருந்தார்.
"மெத்தையின் சந்தை விலை?"
தெரியாது என்றான்.
"எத்தனை இரவு படுத்தீர்கள்?"
வக்கீல் தொண்டையைச் செருமினார்.
பதினொன்று, என்றான்.
பிறகு யாரும் கேட்காமலே,
நல்லாத் தூங்கினேன், சார்.

முடிவு மின்னஞ்சலில் வருமாம்.
இன்று வெள்ளி.
மெத்தையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
கண் சிவக்கச் சலவை அறைக்கு வந்தவன்
சுழலும் இயந்திரத்தையே பார்த்து நிற்கிறான்.
"துவைக்க ஏதாவது இருக்கா?"
பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.
கொக்கியிலிருந்து சட்டையை எடுத்து
முகர்ந்து பார்க்கிறான்.
சோப்பு வாசம்.

"இதையும் போடுங்க."