ஊசி முனையில் மழை

புரட்டாசி பாதி போயும் நாகமலைப் புதுக்கோட்டையில்
ஒரு சொட்டு இல்லை.
விடுதிக்குத் தண்ணீர் லாரி
ஒன்றுவிட்டு ஒரு நாள்.
வரிசையில் நிற்கும் வாளிகளில் என்னுடையது நீலம்,
ஒரு காது உடைந்தது.

விடிந்ததும் வாளி நிறையவேண்டும் என்றும்
பத்து மணிக்குமேல்
காற்றில் பொட்டு ஈரம் இருக்கக்கூடாது என்றும்
வேண்டிக்கொள்கிறவள் நான்.
எந்தச் சாமி இதைக் கணக்கில் எழுதும்?

டைட்டேனியம் டெட்ராகுளோரைடு.
நான்கு வருடப் பழக்கம்.
சுருக்கி டிக்கிள் என்போம்.
கிச்சுக்கிச்சு எல்லாம் மூட்டாது,
மூக்கைப் பிடுங்கிக் கையில் கொடுக்கும்.

உள்ளே உலோகம் இருக்கிறது என்றால் நம்பமாட்டீர்கள்.
குடுவையில் தண்ணீர் மாதிரியே தளும்பும்.
மணவாளக்குறிச்சிக் கடலோரம்
கறுப்பு மணலில் கிடந்ததுதான்.
கரியோடு உலையில் போட்டுக் குளோரின் ஊதியபோது
ஆவியாகிக் கிளம்பிவிட்டது.

நடுவில் ஒரு டைட்டேனியம்,
சுற்றி நான்கு குளோரின்.
கொடுக்கல் வாங்கல் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுவதால்
பக்கத்து வீட்டோடு பேச்சு கிடையாது.
அதனால்தான் இத்தனை லேசு.
சோற்று உப்பு அப்படியா?
ஒவ்வொன்றும் ஊரையே இழுத்துப் பிடித்துக்கொண்டு
எண்ணூறு டிகிரி வரை உருகாமல் கிடக்கும்.
இது நூற்று முப்பத்தாறிலேயே
எழுந்து போய்விடும்.

நிறைந்த வீடு என்று நினைக்காதீர்கள்.
உள்ளே இரண்டு நாற்காலி காலி.
அந்த இடம் தண்ணீருக்கு மட்டும் எப்படியோ தெரியும்.
வந்து உட்காரும்.
உட்கார்ந்த கையோடு குளோரினை ஒவ்வொன்றாய்
வாசலுக்கு அனுப்பும்.
போகிற குளோரின் அமிலமாய்ப் போகும்.
வீடு வெள்ளைப் பொடியாய் இடியும்.

அன்று புதன்கிழமை.
கப்பலூரிலிருந்து வரவேண்டிய ஆர்கான் சிலிண்டர் வரவில்லை.
உறிஞ்சும் விசிறி ஆடியிலேயே நின்றுபோனது.
இருக்கிற மிச்ச வாயுவை வைத்து
ஒப்பேற்றிவிடலாம் என்றான் ஹென்றி தியோடர்.
ரப்பர் மூடியிலிருந்து ஊசியைப் பிடுங்கினேன்.
வழக்கமாய் ஊதுவத்தி அளவு ஒரு இழை வரும்.
அன்று சாம்பிராணி.
ஊசி முனையில் தொடங்கி
என் முழங்கை, மேசை, சன்னல், வெளியே வேப்பமரம் வரை
வெள்ளை வெள்ளையாய் உருண்டது.

மணல் வாளியோடு ஓடிவந்தார் காவலாளி ஒச்சப்பன்.
"எங்கம்மா தீ?"
"தீ இல்லைண்ணே. காத்துல தண்ணி."
இருமிக்கொண்டே சொன்னேன்.
அவர் வானத்தைப் பார்த்தார். பளிச்சென்று கிடந்தது.
நூலகத்துக்குப் பின்னால் மயில்கள்கூட
வாயைத் திறக்கவில்லை.
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
மணலை வீணாக்காமல் திரும்பிப் போனார்.

இருபது நிமிடம்.
முதலில் மலையின் வால் காணாமல் போனது,
அப்புறம் முதுகு.
மண்வாசனையை நான் முகரவில்லை,
மூக்கில் அமிலம்.
தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில்தான் தெரிந்தது.

விடுதி முழுக்க வாளியோடு வாசலுக்கு வந்துவிட்டது.
கண்ணாடி அழுந்திய தழும்போடு நானும்
காதறுந்த நீலத்தைக் கொண்டுபோய் வைத்தேன்.
ஊசி அடைத்துப்போயிருந்தது.
அடைப்பு வெள்ளை,
சுவர்ப் பெயிண்டில் இருப்பது, பற்பசையில் இருப்பது,
அதே வெள்ளை.
நான்கு மாத வேலை அதற்குள் இருந்தது.
குறிப்பேட்டில்
விளைச்சல்: பூஜ்யம் என்று எழுதி
வெளியே பார்த்தேன்.
புல்தரையில் கணுக்கால் அளவு தண்ணீர்.
அடிக்கவும் மனம் வரவில்லை,
அப்படியே விடவும் மனம் வரவில்லை.

இப்போது தினமும் காலையில்
பணி முடிந்து போகிற ஒச்சப்பன்
சன்னலைத் தட்டுகிறார்.
"இன்னைக்குப் புகையுதா?"
இல்லை என்றால்
சைக்கிள் கைப்பிடியில் இரண்டு குடத்தை மாட்டிக்கொண்டு
லாரி வரும் பக்கம் மிதிக்கிறார்.