பன்னிரண்டாம் சீட்

காலை ஐந்தே முக்கால். கல்லடிப் பாலத்துக்கு இப்பால்
ஊதா ரீசேட்டில் ஒரு சனக்கூட்டம்.
எனக்குத் தந்தது இரண்டு அளவு பெரிது,
நெஞ்சில் ஊசி குத்திய இலக்கம் 238.

பதினொரு வருடம்
மகரகம இரவு பஸ்ஸில் நின்றே போனவன் நான்.
யாருக்குச் சன்னல், யாருக்குப் பொலித்தீன் பை,
மகியங்கனை வளைவுகளில்
யார் கண்ணை இறுக்கி மூடுவார்,
எல்லாம் கைக்குப் பழக்கம்.
பெயர் கேட்டதில்லை.
பன்னிரண்டு: ஆரையம்பதியில் ஏறுவார்,
மிச்சக் காசை மறந்து இறங்குவார்.
ஏழு: தைப்பூசத்துக்குப் பிறகு ஏறவில்லை.
அங்கே இப்போது ஒரு பொடியன்
போன் பார்த்துக்கொண்டு வருகிறான்.

பாலத்தின் நடுவில் மூச்சு முட்டியது.
வாவியில் தோணிக்காரர் வலையை விட்டுவிட்டுப் பார்த்தார்,
ஆரும் துரத்துறாங்களா என்பது போல.
இதே பாலத்தில் ஒருதரம் ஓடியது உண்டு.
அன்றைக்கு யாரும்
இலக்கம் குத்திவிடவில்லை.

நாவற்குடாவில் தண்ணீர் மேசை.
பூப்போட்ட துணி கட்டிய தலை,
புருவம் இல்லை.
கப்பை நீட்டியபடி:
"என்ன கொண்டக்டர், பஸ்ஸை எங்க விட்டீங்க?"

குடித்தேன், பாதி ரீசேட்டில்.
பெயரைக் கேட்டேன்.
"குணநாயகி. முன்னுக்குப் போங்க,
பின்னால ஆக்கள் வாறாங்க."

அது என்னுடைய வசனம்.
முன்னுக்குப் போனேன்.

கொஞ்சத் தூரம் போன பிறகுதான் ஞாபகம்:
அவருடைய நாற்பது ரூபா
இன்னும் என் காக்கிப் பையில்.
புதன் இரவு கொடுக்கவேண்டும்.