மணி அடிக்காத ஞாயிறு

ஆகஸ்ட் மாதம்.
ஆர்கனுக்குப் பின்னால் இருக்கிற அறைக்கு ஜன்னல் கிடையாது.
நான்கு துருத்திகள், நான்கு மிதிகட்டைகள்,
ஆட்டுத்தோலும் புறா எச்சமும் சேர்ந்து வெந்த வாடை,
நடுவில் நான், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு.

மிதித்தால் கட்டை தாழும், துருத்தி மூச்சிழுத்து எழும்.
காலை எடுத்தால் தன் பாரத்தில் மெல்ல அமரும்.
அது அமர்வதற்குள் அடுத்ததை மிதிக்க வேண்டும்.
பத்தொன்பது வருஷமாக
எனக்குத் தெரிந்த சங்கீதம் இவ்வளவுதான்.
ஈஸ்டர் என்றால் கெண்டைக்கால் பிடிப்பு.
கிறிஸ்துமஸ் இடது முழங்கால்.
ஒற்றைக் குரல் பாட்டு வந்தால் முகம் துடைத்துக்கொள்ளலாம்,
ஒரு கையால்.

இந்த ஊரிலிருந்து கர்த்தருக்குப் போகிற காற்று முழுவதும்
என் காலடியில் கிளம்புகிறது என்று
சனிக்கிழமை ராத்திரி பீர்க்கடையில் சொன்னேன்.
ஹைனிட்ஸ் சிரித்தான்.
நகரக் குழல்காரன், எனக்கு இரண்டு குரோஷன் பாக்கி.
“நாளைக்குப் பார்” என்றான்.
கடனைச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

திரித்துவத் திருநாளுக்குப் பின் பதினோராம் ஞாயிறு.
முதல் கோரஸ் முடிந்தது. பாஸ் குரல் ஏதோ அதட்டி ஓய்ந்தது.
கட்டை மேல் கால் வைத்துக் காத்திருந்தேன்,
தலைக்கு மேலே சின்ன மணி அடிக்கும் என்று.
அடிக்கவில்லை.
கயிறு அறுந்துவிட்டதா?
அண்ணாந்து பார்த்தேன். கயிறு இருந்தது.
நான் இல்லாமலே ஆரம்பித்துவிட்டார்கள்.

பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன்.
ஹைனிட்ஸ், கையில் மரப் புல்லாங்குழல்,
நேற்றைய போதை இன்னும் வீங்கியிருக்கிற உதடு.
பக்கத்தில் ஒரே ஒரு வயோலா, கொசு கடிக்கிற மாதிரி மெல்ல.
சீகர்ட் வீட்டுப் பையன், பதிமூன்று வயசு,
தாளைக் கட்டைவிரலால் நசுக்கிப் பிடித்துக்கொண்டு
சொப்ரானோ பாடினான்.
கீழே எதுவும் இல்லை.
ஆர்கன் இல்லை, செல்லோ இல்லை.
ஏணியை எடுத்த பிறகும் மாடியிலேயே நின்று
எட்டிப் பார்க்கிறவன் மாதிரி அந்தக் குரல்.
குழல் அதற்கு முன்னால் போகும், திரும்பும்,
தொடப் போகும், தொடாது.
பின்னால் நின்ற ஆயக்காரனைப் பற்றி வரிகள்,
நிமிர்ந்து பார்க்கத் துணியாதவனைப் பற்றி.

ஒப்புக்கொள்கிறேன், முதலில் எனக்குப் பொறாமை.
அந்தக் காற்றில் ஒரு மிடறுகூட என்னுடையது இல்லை.
சம்பளத்தில் பிடிப்பார்களோ என்றும் நினைத்தேன்.

பிறகு ஓர் இடம் வந்தது.
பையனும் குழலும் ஒரே நேரத்தில் மூச்செடுத்தார்கள்.
வயோலாவும் நின்றது.
சபை முழுக்கச் சத்தம் ஓய்ந்த அந்தக் கண்ணிமைப்பில்
என் கால், பழக்க தோஷம்,
மூன்றாம் கட்டையை மிதித்துவிட்டது.

கிர்ர்ரீச்.

முன்வரிசையில் மேயர் மனைவியின் தொப்பி திரும்பியது.
கேன்டர் ட்ராய்பர் ஆர்கனைப் பார்த்த பார்வையில்
ஈயக்குழாய் உருகியிருக்கும்.
பையன் மட்டும் இடுக்கைப் பார்த்தான்.
என் கண்ணைப் பார்த்தானோ, இருட்டைப் பார்த்தானோ,
சிரிப்பை விழுங்கிக்கொண்டு அடுத்த அடியை எடுத்தான்.

இந்த மாதிரிப் பாட்டுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு,
நடுப்பகுதி முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி பாட வேண்டும்.
காலை அறியாமல் மிதித்தவனுக்கு
அதே இடம் இரண்டாம் முறை வருகிறது.
இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டேன்.
என் மூச்சையும் பிடித்துக்கொண்டேன், அது மட்டும்தான் கையில் இருந்தது.

வந்தது அந்த இடம்.
பையன் நிறுத்தினான்.
வேண்டிய அளவுக்கு நிறுத்தி,
அதற்கு மேலும் கொஞ்சம் விட்டான்,
ஒரு கிரீச்சுக்குப் போதுமான இடம்.
நான் மிதிக்கவில்லை.
ஹைனிட்ஸ் ஒரு புருவத்தைத் தூக்கினான்.
குழலும் குரலும் கைகோத்துக்கொண்டு
அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போயின.

மணி அடித்தது. ஞானப்பாட்டு.
முன்னூறு பேர் தொண்டையைச் செருமி எழுந்தார்கள்.
முதல் கட்டையில் ஏறினேன்.

குரோஷன் இன்னும் வரவில்லை.