மேற்கோள் குறிக்குள்

கையேட்டில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும்.
மூன்று நாளாய் எழுதுகிறேன்.

நகலெடு என்ற கட்டளைக்குப் பின்னால்
கோப்பின் பெயர் மட்டும்தானா,
இணைய முகவரியும் வரலாமா?

வரட்டுமே என்கிறாள் லீலோ.
உலாவியிலிருந்து எடுத்து ஒட்டினால் போயிற்று.
இறக்கு, சேமி, திற, அப்புறம் அழி
யாருக்கு இருக்கிறது நேரம்?

ஊர்மாஸ் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருக்கிறான்,
சர்க்கரை போடாத தேநீரை.
"கோப்பு என்றால் இருக்கும், இல்லையென்றால் இருக்காது.
முகவரி அப்படியா?
வருகிறேன் வருகிறேன் என்று இழுத்தடிக்கும்.
பக்கத்து வீட்டில் கேள் என்று திருப்பிவிடும்.
எவ்வளவு நேரம் வாசலில் நிற்பதென்று
நகலெடுக்கும் ஒரு சின்னக் கருவி
ஏன் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?"

ஜன்னலுக்கு வெளியே, தார்த்து நகரின் நடுவே
எமாயேகி ஆறு
கரையோரம் மட்டும் உறைந்திருக்கிறது.

லீலோ செய்துகாட்டினாள்.
முகவரியை அப்படியே ஒட்டி ஒரு தட்டு.
நடுவில் கிடந்தது & குறி.
நமக்கு அது 'உம்', சேர்த்துவைப்பது.
ஷெல்லுக்கு அது அரிவாள்.
முன்பாதி பின்னணிக்கு ஓடிவிட்டது.
பின்பாதி
தன்னையே ஒரு கட்டளையென்று நினைத்துக்கொண்டது.

ஊர்மாஸ் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் தேவலை.

ஆனாலும் சேர்த்துவிட்டாள்.
மணிக்கொரு தரம் பனியின் தடிமன்
ஆற்று நிலையத்திலிருந்து தானாக வந்தது.
சனிக்கிழமை இரவு நிலையம் இடம் மாறிற்று.
'மன்னிக்கவும், அந்தப் பக்கம் இங்கே இல்லை'
என்ற பக்கத்தை
முப்பத்தொரு முறை பத்திரமாய்ச் சேமித்து
முப்பத்தொரு முறையும் பூஜ்ஜியம் சொன்னது கருவி.
பூஜ்ஜியம் என்றால் வெற்றி.
பனி எத்தனை சென்டிமீட்டர் என்ற கட்டத்தில்
மன்னிப்பு.

திங்கட்கிழமை ஊர்மாஸின் முறை.
முகவரி இல்லை, வெறும் கோப்பு,
ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்கும்
அசல் உள்ளூர்க்காரன்.
அந்த வட்டு இருப்பதோ ஆற்றுக்கு அக்கரைக் கட்டடத்தில்,
துப்புரவுக்கு வந்த யாரோ
கேபிளைப் பிடுங்கியிருந்தார்கள்.
திரை அசையவில்லை. நிறுத்து என்றாலும் நிற்கவில்லை.
தேநீரில் ஆடை படிந்தது.

லீலோ நாற்காலியை நகர்த்தி
அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
இருவரும் காத்திருந்தார்கள்.

'பெயர் எங்கே இருக்கிறதென்று
இந்தக் கருவி அறியாது' என்று எழுதினேன்.
உண்மைதான். கையேட்டுக்கு ஆகாது. அழித்தேன்.

இருவரும் ஒப்புக்கொண்ட வரி
இப்போதைக்கு இதுதான்:
எதைத் தந்தாலும்
மேற்கோள் குறிக்குள் தரவும்.