மாற்று

முதலில் வாங்கியது மீனாட்சிபுரம் இரும்புக்கடையில்,
நூற்றெண்பது ரூபாய்.
ஒரு முகம் கரடு, மறுமுகம் அதைவிடச் சற்றே குறைந்த கரடு.
வெட்டுகத்திக்குப் போதும்.
தாசையனின் கன்னத்துக்குப் போதாது.

தாசையன் மின்வாரியம். இரணியலில் லைன்மேன்.
பிளேடு பட்டால் தாடையெங்கும் வேர்க்குருபோல் பொங்கிவிடும்.
அதனால் மடக்குக் கத்தி ஒன்று சொந்தமாக வாங்கி
என் கடை அலமாரியில்
பெயர் எழுதிய உறையில் போட்டு வைத்திருக்கிறார்.
கத்தி அவருடையது. கூர் என் பொறுப்பு.

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன் ஒரு கல் கொடுத்தான்.
மரப்பட்டைக்கு அது ராஜா.
மரம் வலித்தால் பால் விடும்.
மனுஷன் அடுத்த கடைக்குப் போவான்.

மயிலாடியில் சிலை செதுக்கும் பட்டறை வாசலில்
கறுப்பாய் ஒரு துண்டு கிடந்தது,
ஏதோ ஓர் அம்மனின் முழங்கைக்கு மிஞ்சியது.
தண்ணீர் தெளித்து நாலு இழுப்பு இழுத்தேன்.
நடுவில் ஒரே ஒரு மணி, உளுந்தில் கல் மாதிரி.
கத்தி அதில் ஏறி இறங்கும் சத்தம்
பல்லில் கேட்டது.
எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

குழித்துறை ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல்லைப் பற்றி
சொல்லாமல் விடுகிறேன். ஒரு வாரம் போச்சு அதில்.

கல்லைக் கண்ணால் பார்ப்பதில் பிரயோசனமில்லை.
விரலும் காய்த்துப்போனது, நம்ப முடியாது.
கீழுதட்டின் உள்பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும்.
யாரும் சொல்லித் தரவில்லை,
ஆள் வராத மத்தியானங்களில் நானாகக் கண்டது.

வடசேரியில் நீலகண்ட ஆசாரி கடைக்கு
வீட்டுக்காரியின் கம்மல் திருகாணி மாற்றப் போனபோது
பலகைமேல் கிடந்தது உரைகல்.
எருமைக்கன்றின் மூக்குபோல ஈரக் கறுப்பு.
யார் யார் கழுத்திலோ காதிலோ கிடப்பவற்றின் மஞ்சள் கோடுகள்.
கேட்காமலே எடுத்து உதட்டில் வைத்துவிட்டேன்.
ஒன்றும் தெரியவில்லை.
ஒன்றுமே தெரியவில்லை.
அதுதான் கல்.

"வெல சொல்லும்."
"என்னத்துக்குவே?"
"கத்தி தீட்ட."
"என்ன கத்தி?"
சொன்னேன்.
ஆசாரி துணியை எடுத்து, என் கையிலிருந்து வாங்கிய கல்லைத் துடைத்தார்.
பிறகு தன் கையை.
"பொன்னு ஒரசுத கல்லுவே. தீட்டு."

நானும் அதைத்தான் கேட்டேன், தீட்ட.
ஒரே சொல்.
அவர் பக்கம் ஒரு முகம், என் பக்கம் ஒரு முகம்,
இரும்புக்கடைக் கல்லைப்போல.
கம்மலை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது.
மூலை உடைந்த கல் ஒன்று உபரியாய்க் கிடக்கிறதாம், ரெண்டாயிரமாம்.
தீட்டுக்கும் விலை உண்டு.
ஆயிரத்தைந்நூறுக்கு முடித்தேன்.
தருவதற்கு முன் மெழுகு உருண்டையால் ஒற்றி ஒற்றி
கல்லிலிருந்த தங்கத்தையெல்லாம் எடுத்துக்கொண்டார்.
ஒரு கோடு மட்டும் வரவில்லை.
அதற்கும் காசு கேட்பாரோ என்று நின்றேன். கேட்கவில்லை.

முதுகும் வாயும் ஒன்றாய்ப் படிய,
கைக்குழந்தையின் நெற்றியில் திருநீறு இடும் அழுத்தம்,
அதற்கு மேல் இல்லை.
எண்ணெய் வேண்டாம், சோப்பு நுரை போதும்.
முப்பது இழுப்பு. பிறகு தோல்வாரில் அறுபது.
முழங்கை மயிர் தொடுமுன் விழுந்தது.
அதை நான் கணக்கில் எடுப்பதில்லை.
முழங்கை என்னுடையது, எனக்காகப் பொய் சொல்லும்.

வெள்ளிக்கிழமை காற்றில் கம்பிகள் அறுந்து
குளச்சல் வரை இருட்டு.
ராத்திரி முழுக்கக் கம்பத்தில் இருந்துவிட்டு
சனிக்கிழமை காலை
தாசையன் வந்து நாற்காலியில் சாய்ந்தார்.
காதோரம். கன்னம். தாடை வளைவு.
தொண்டைக்குழிக்குக் கத்தி வந்தபோது
குறட்டை.

பொன்னுக்கு மாற்றுப் பார்க்க ஒரு கல்.
அந்தக் கல்லுக்கு மாற்றுப் பார்க்க
கழுத்தைக் கொடுத்துவிட்டு உறங்குகிற ஓர் ஆள்.

எழுப்பவில்லை.
அடுத்து வந்தவரைக் கையால் அமர்த்தினேன்.
கத்தியைத் துடைத்த துணியில்
மஞ்சளாய் ஏதோ மினுங்கியது.
டியூப்லைட் வெளிச்சமாக இருக்கும்.
விடியும்போதுதான் கரண்டு வந்திருந்தது.