ஒன்றாம் நம்பர்

ஃபேன் காற்றில் முன்முடி பறந்துவிடாதபடி
பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன்.
மோட்டார் பார்ட்ஸ் கடையில், கல்யாணப் பந்தியில்,
மன்னார்குடி பஸ்ஸின் ஜன்னலோர சீட்டை
பக்கத்தில் நிற்பவருக்கு விட்டுக்கொடுத்து
நல்லவன் என்று பேரும் வாங்கிக்கொண்டு.

சித்திரையின் கடைசி ஞாயிறு.
மணிமாறன் சலூனில் கரண்ட் இல்லை,
இன்வெர்ட்டர் முனகுகிறது.
பிடரி வழியே வியர்வை சட்டைக்குள் இறங்க
'ஒன்றாம் நம்பர் போடு' என்றேன்.

சீப்பால் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தான்.
பார்க்காதது மாதிரி இறக்கி வைத்தான்.
'மூணு போடட்டுமாண்ணே?
மூணுன்னா அது தெரியாது.'

அது,
காதிலிருந்து காது வரை வெள்ளைக் கோடு.
கல்யாணத்துக்கு முந்தின ஐப்பசியில்
கம்பெனி டிரெயினிங் என்று சொல்லிவிட்டுப் போய்
சென்னையில் எட்டு மணி நேரம் படுத்துக் கிடந்தது.

திருவாரூர்ப் பக்கம் என்றதும்
கையுறை போட்ட பையன் சிரித்தான்:
'அப்ப நடவு பத்தி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம் சார்.'
வேண்டாம்தான்.
நாற்றுக்கட்டுக்கும் எங்களூரில் முடி என்றே பேர்.
முடி ஒன்றுக்கு இவ்வளவு என்று
கூலி பேசுவதும் பழக்கம்.
ஆனால் தம்பி,
பறித்து முடித்த நாற்றங்காலை
நாங்கள் சும்மா போடுவதில்லை.
கடைசி நாளில் அதையும் உழுது
அதிலும் நட்டுவிட்டுத்தான் கரையேறுவோம்.
இதைச் சொல்லலாம் என்றிருந்தேன்.
நெற்றி மரத்துப்போய்
புருவம்கூட எழும்பவில்லை.

நட்டது பிழைத்தது. பொய் சொல்லக் கூடாது.
இரண்டாயிரத்துச் சொச்சமும் பச்சை பிடித்தது.
அதற்குப் பின்னால் இருந்ததுதான்,
யாரும் நடாமல் தானே முளைத்தது,
வருஷா வருஷம் பின்வாங்கிப் போனது.
வாய்க்கால் ஓரம் மட்டும் ஒரு வரிசைப் பயிர்,
உள்ளே களர்.
களரை மறைக்க முன்னால் வளர்த்தேன்.
கோட்டை மறைக்கப் பின்னால் வளர்த்தேன்.
தலைக்கு இரண்டு பக்கமும் வேலை.

பூங்கோதைக்குத் தெரியுமா?
கல்யாணமான முதல் தீபாவளிக்கு
எண்ணெய் தேய்த்துவிட்டாள்.
விரல் அந்த இடத்தில் நின்றது,
பிறகு காது மடலுக்குப் போய்விட்டது.
'சூடு ஜாஸ்தி உங்க உடம்புக்கு' என்றாள்.
அவ்வளவுதான், இன்றுவரை.

'ஒன்றே போடு மணி.'

மிஷின் கழுத்திலிருந்து ஏறியது.
கண்ணாடியில் யாரோ ஒரு ஆள்
மெல்ல வந்துகொண்டிருந்தார்,
என் பெரியப்பா பக்கிரிசாமி ஜாடையில்.
முன்நெற்றியில் புள்ளி புள்ளியாய் வரிசை,
கயிறு பிடித்து நட்ட மாதிரி,
கொஞ்சம் அதிக ஒழுங்கு.
தரையில் விழுந்ததில்
எது நட்டது எது முளைத்தது என்று
துடைப்பத்துக்குத் தெரியவில்லை.

எப்போதும் கடைசியில் சின்னக் கண்ணாடி பிடித்து
பின்பக்கம் காட்டுவான்.
இன்று கையிலெடுத்துவிட்டு, துடைத்தபடி நின்றான்.
'காட்டு' என்றேன்.
பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.
நேராக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
இடது காதுப் பக்கம் லேசாகக் கோணல்.
தைத்தவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம் போல.

நூறு ரூபாய் கொடுத்தால்
இருபதைத் திருப்பித் தந்தான்.
'முடி கம்மிதானேண்ணே.'

ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.
பாண்டவையாற்றுப் பாலம் ஏறும்போது
கோடை மழை பிடித்துக்கொண்டது.
மேட்டூர் திறக்க இன்னும் ஒரு மாதம்;
கீழே மணலில் முதல் துளிகள்
அம்மைத் தழும்பாய்க் குழி பறித்தன.
தலையில் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது.
உச்சியில். பொட்டில். காதுக்கு மேல்.
கோட்டுக்கு மேலே இரண்டு விரல் அகலத்தில் மட்டும்
மழை பெய்வதாகவே தெரியவில்லை.

வண்டியை ஓரம் கட்டினேன்.
பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.
கையை வைத்துப் பார்த்தேன்,
அங்கேயும் நனைந்துதான் இருந்தது.